இசக்கியின் இடது தோள்

பிள்ளைய இந்தப் பக்கம் திருப்பி வச்சுக்கோ தாயி. டிரைவர் ஆரன் அடிக்கும்போதெல்லாம் அதுக்குத் தூக்கிவாரிப் போடுது பாரு. பயந்த பிள்ள. உறக்கத்துல திடுக்குனு முழிச்சு அழுமே? அழும். கண்ணப் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சிரும். இந்த மாதிரி எத்தனை பிள்ளைகளப் பாத்துருக்கேன். கையில என்ன, வசம்பு கட்டிருக்கியா? வசம்பு நல்லதுதான். வயித்துக்குக் கேக்கும், பயத்துக்குக் கேக்காது. பயத்துக்குக் கரடி முடிதான்.

சிரிக்காத. உனக்கு எந்த ஊரு, புளியங்குடியா? புளியங்குடியில இருந்து எம்புட்டுப் பேரு வந்துருக்காக எங்கிட்ட. குத்தாலம் சீசனுக்குப் போறப்ப, செங்கோட்ட ரோட்டுல, வாசல்ல பெருசாக் கரடி படம் போட்டு ஒரு புரோட்டாக் கடை இருக்கும், பாத்துருக்கியா? பள்ளிக்கூடத்துல டூர் போனப்ப இறங்குனீகளா. அப்ப நீ இசக்கியப் பாத்துருப்ப. கம்பிக்குள்ள ஆடிக்கிட்டே நிப்பான், கன்னங்கரேல்னு, நெஞ்சுல மட்டும் வெள்ளையா ஒரு வளைவு. நீயும் பிஸ்கட்டு போட்டியா. எல்லாரும்தான் போட்டாக.

அந்தக் கடை எங்க கடைதான். போர்டுல எங்க வீட்டுக்காரக பேரு, கோமதிநாயகம்னு இருக்கும். ஆனா வாறவுக எல்லாரும் ஆவுடையம்மா எங்கன்னுதான் கேட்டு வருவாக. ஆவுடையம்மா நாந்தான். இன்னைக்கு அவனப் பாத்துட்டுத்தான் வாறேன். மடியில இருக்கே இந்தத் தூக்கு, இது பூராப் பலாச்சுளை, அவனுக்குன்னு கொண்டுபோனது. அப்படியே திரும்பி வருது. வாசம் தாங்காம அந்த முன்சீட்டு ஆளு திரும்பித் திரும்பிப் பாக்காரு. நீ ஒரு சுளை எடுத்துக்கோ. எடு தாயி, பால் குடுக்கிற உடம்பு. எங்க வீட்டுக் கொல்லையில காச்சது, தேனாட்டம் இருக்கும்.

எங்க வீட்டுக்காரகளுக்கு மிருகம் வளக்கணும்னு ஆசையெல்லாம் ஒன்னும் கிடையாது. சீசனுக்கு வாற காரு நம்ம கடையில நிக்கணும், அம்புட்டுதான். அந்த ரோட்டுல வரிசையாப் புரோட்டாக் கடை. எல்லாக் கடையிலயும் அதே புரோட்டா, அதே சால்னா. எதுக்கு நம்ம கடையில நிக்கணும்? முதல்ல ஒரு லவ் பேர்ட்ஸ் கூண்டு வச்சாக. காருக்குள்ள இருந்து பிள்ளைக நிறுத்து நிறுத்துன்னுச்சு, காரு நின்னுச்சு. அப்புறம் முயலு வந்துச்சு, வான்கோழி வந்துச்சு. பிறகு மயிலு, கொரங்கு, ஒரு புள்ளிமான். மான் ரொம்ப நாளு இருக்கல. சனங்க வீசுன பாலித்தீன் பையத் தின்னு வயிறு ஊதிச் செத்துப்போச்சு. சனங்களுக்கு அறிவே கிடையாது பாத்துக்கோ. ஒன்னும் போடாதீகன்னு எழுதிக்கூட மாட்டியிருந்தோம்.

இசக்கி வந்தது ஒரு சீசன் முடியுற நேரம். மலைப்பக்கம் இருந்து ஒருத்தன் சாக்குல கட்டிக் கொண்டாந்தான். சாக்க அவுத்தா, நாய்க்குட்டி அளவுதான் இருக்கான். கண்ணு கூடச் சரியாத் திறக்கல. தாய்க் கரடி செத்துப்போச்சுன்னு அந்த ஆளு சொன்னான். எப்படிச் செத்துச்சுன்னு நான் கேக்கல. கேட்டு என்ன செய்ய? தாயில்லாத பிள்ளை வீடு தேடி வந்துருக்கு, எடுத்து மடியில போட்டுக்கிட்டேன். என் கைவிரல வாயில வச்சுக்கிட்டு ம்ம்ம்ம்னு முனகிக்கிட்டே சப்புனான் பாரு, அந்தச் சத்தம் இன்னும் என் காதுக்குள்ள இருக்கு. எனக்குப் பிள்ளை பிறந்தா இசக்கின்னு பேரு விடுறதா அம்மனுக்கு நேந்திருந்தேன். பிறக்கல. நேந்த பேரு சும்மா கிடக்க வேண்டாம்னு அவனுக்கு விட்டேன்.

பால்புட்டியில குடுத்து வளத்தேன் தாயி. நடக்கப் படிச்ச பிறகு அடுக்களைக்குள்ள என் பின்னாடியே சேலையப் பிடிச்சுக்கிட்டுத் திரிவான். கொஞ்சம் பெருசானதும் சப்ளையர் ஒருத்தன் கையப் பிராண்டிட்டான், விளையாட்டுக்குத்தான். அதோட கூண்டு வச்சாச்சு. ஜெனரேட்டர் ரூமுக்குப் பக்கத்துல, ஒரு காரு நிறுத்துற அளவு இடம், சிமிண்டுத் தரை. சிமிண்டுதான் கழுவச் சுத்தமா இருக்கும்னு நாந்தான் சொன்னேன். மண்ணுன்னா நோண்டிப் போட்டுருவான். தினமும் ரெண்டு தடவ என் கையாலதான் கழுவி விடுவேன்.

மூக்குல வளையம் போட்டு அதுல ஒரு கயித்தக் கட்டுனாக. அதத்தான் பேப்பர்ல எல்லாம் கொடுமை கொடுமைன்னு எழுதினாக. எனக்கும்தான் மூக்கு குத்திருக்கு. இங்க பாரு, ரெண்டு பக்கமும். சின்னப் பிள்ளையில எங்க அத்தை கையக் கால அமுக்கிப் பிடிச்சுக்கிட, ஆசாரி குத்துனாரு. அழுதேன், பிறகு மறந்துட்டேன். அவனும் அழுதான், பிறகு மறந்துட்டான். பல்லையும் அரம் வச்சு ராவிவிட்டாக. அது பிள்ளைக பக்கத்துல வாற இடம், பல்லு கூரா இருந்தா எப்படி? நாங்க திங்கிறதுதான் அவனுக்கும். புரோட்டாவப் பிச்சுச் சால்னா ஊத்திக் குடுத்தா அப்படித் திம்பான். கலரு வாங்கிக் குடுத்தா பாட்டில ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பான். அதப் பாக்கவே கூட்டம் நிக்கும்.

ஆட்டம் பாத்தியே நீ, அது யாரும் சொல்லிக்குடுக்கல தாயி. அதுவா வந்துச்சு. கூண்டுக்குப் போன கொஞ்ச நாளையில ஆரம்பிச்சான். தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு இந்தப் பக்கம் ஒரு சாய்வு, அந்தப் பக்கம் ஒரு சாய்வு, தொட்டில் ஆடுற மாதிரி. கடையில ஸ்பீக்கர்ல பாட்டுப் போட்டா, பாட்டுக்குத்தான் ஆடுதான்னு எல்லாரும் கை தட்டுவாக. ஆனா பாட்ட நிறுத்தினாலும் ஆடுவான். கடை பூட்டின பிறகும் ஆடுவான். விடியக்காலம் நான் வாசல் தெளிக்கப் போவேன், அப்பவும் ஆடிக்கிட்டுத்தான் இருப்பான். அம்புட்டுச் சந்தோஷம் அவனுக்கு. உறங்குறதுக்குக் கூட மனசு வராது.

முடி விசயத்துக்கு வாறேன். முதல்ல கேட்டது ஒரு சுரண்டைக்காரி. உன்ன மாதிரி சின்னப் பொண்ணு, கையில பயந்த பிள்ள. அம்மா, ஒரே ஒரு கரடி முடி கிடைக்குமான்னு கெஞ்சுனா. நான் கம்பிக்குள்ள கையவிட்டு அவன் இடது தோள்ல இருந்து ஒரு முடி எடுத்துக் குடுத்தேன். தாயத்துல அடைச்சுக் கறுப்புக் கயித்துல கட்டுனா. அடுத்த வாரமே வந்து, பிள்ளை உறங்குது அம்மான்னு என் காலத் தொட்டுக் கும்புட்டா. அதுல இருந்து ஆளு ஆளாச் சொல்லி, செவ்வாய் வெள்ளின்னா கூட்டம். உதிர்ந்த முடிக்குச் சக்தி கிடையாது, உயிரோட புடுங்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. புடுங்கும்போது அது சத்தம் போடக் கூடாது. போட்டா பயம் நம்ம பிள்ளைக்கே திரும்பிரும்னு சொல்லுவாக.

அவன் சத்தமே போட மாட்டான். அதுதான் அவன் குணம். முதல் முதல்ல உறுமுனான், கம்பியில இருந்து விலகி ஓடுனான். நான் விடல. பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்புட்டு, கடலைமிட்டாய் குடுத்து, தடவிக் குடுத்துப் பழக்கினேன். கடேசியில, இசக்கின்னு நான் ஒரு குரல் குடுத்தாப் போதும், எங்க கிடந்தாலும் எந்திரிச்சு வந்து, இடது தோளக் கம்பியோட ஒட்டி வச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு நிப்பான். நானா கையெடுக்கிற வரைக்கும் அசைய மாட்டான். சாமி கும்புடுற மாதிரி இருக்கும் பாத்துக்கோ. வந்த தாய்மார்ல அதப் பாத்துட்டு அழுதவுக உண்டு. வாயில்லாச் சீவன் நம்ம பிள்ளைக்காக நிக்குதேன்னு.

ஒரு பைசா வாங்குனதில்ல தாயி நான். இசக்கியம்மன் சத்தியமா. அது புண்ணியம். வந்தவுக கடையில உக்காந்து சாப்புட்டுட்டுப் போனாக, அது வேற.

தோள்ல அந்த இடத்துல முடி கொறைஞ்சுபோச்சு, இல்லங்கல. உள்ளங்கை அகலத்துக்குச் சொட்டையா, தோலு சிவந்து இருக்கும். நான் தேங்காய் எண்ணெய் தடவி விடுவேன். வேற இடத்துல எடுக்கலாமேன்னு வீட்டுக்காரக சொன்னாக. அவன் இடது தோளத்தான குடுக்கான், நான் என்ன செய்ய? அந்தச் சொட்டையச் சுத்திச் சுத்தித்தான் எடுத்தேன்.

போன சீசன் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்படிச் சாரல் பேஞ்சு எம்புட்டு வருசமாச்சு. அஞ்சருவியில கூட்டம் நிக்க இடமில்ல. ரோடு பூராக் காரு. எங்க கடையில புரோட்டா மாஸ்டர் கல்லு முன்னாடி இருந்து நகர முடியல. முடிக்கு வந்தவுக ரோடு வரைக்கும் வரிசையில நின்னாக. நனைஞ்சுக்கிட்டே நின்னாக, பிள்ளைகள முந்தானையால பொத்திக்கிட்டு. நான் அடுக்களையப் பாப்பேனா, அதப் பாப்பேனா?

ஒரு வெள்ளிக்கிழம இசக்கி வரல. கூப்புடுதேன், மூலையில முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்துருக்கான். ஆட்டமும் இல்ல, ஒன்னும் இல்ல. சாரல்ல குளிருது போலன்னு நெனச்சேன். மறுபடி கூப்புட்டேன், கடலைமிட்டாயக் காட்டுனேன். திரும்பிக்கூடப் பாக்கல. வரிசையில நிக்கவுக முணுமுணுக்க ஆரம்பிச்சாக. ஒரு அம்மா, நாங்க நாகர்கோவில்ல இருந்து வந்துருக்கோம்னு சத்தம் போட்டா. எங்க வீட்டுக்காரகளுக்குக் கோவம் வந்துட்டு. கம்பி வழியா மூக்குக் கயித்தப் பிடிச்சுச் சுண்டி இழுத்தாக. வளையம் சதையக் கிழிச்சு ரத்தம் வந்துட்டு.

நான் அவுகள விடல தாயி. அத்தனை பேரு முன்னாடியும் வஞ்சேன். பிள்ளைய இப்படியா இழுப்பீக, உங்களுக்கு ஈரக்கொலையே இல்லையான்னு கேட்டேன். கயித்தப் பிடுங்கித் தூர எறிஞ்சேன். மூக்குல அப்புறதுக்கு மஞ்சளக் குழச்சுக்கிட்டு வந்தேன். அதுக்குள்ள அவன் என்ன செஞ்சான் தெரியுமா? ரத்தம் சொட்டச் சொட்ட வந்து, தோளக் கம்பியோட வச்சுக் கண்ண மூடிக்கிட்டு நின்னான். எனக்கு நெஞ்சே வெடிச்சிரும்போல ஆயிட்டு. இப்படியொரு பிள்ளைய யாரு பெத்துருக்கா? வரிசையில நின்ன அம்புட்டுப் பேருக்கும் அன்னைக்கு எடுத்துக் குடுத்தேன். அவனே வந்து நிக்கும்போது மாட்டேன்னு சொல்ல எனக்கு மனசு வரல.

வரிசையில ஒரு காலேஜுப் பொண்ணு செல்போன நீட்டிப் படம் எடுத்துக்கிட்டே இருந்துச்சு. ஏதோ ஆசையா எடுக்குதுன்னு நெனச்சேன். அதுக்கு நான் ஒரு டீ கூடக் குடுக்கச் சொன்னேன் பாத்துக்கோ. அந்தப் பொண்ணு அந்தப் படத்த எதுலயோ போட்டுட்டு. ஊரு உலகமெல்லாம் பாத்தாச்சு.

சீசன் முடியுறதுக்குள்ள பாரஸ்ட்காரங்க வந்துட்டாக. ஜீப்பு, லாரி, போலீசு, கூட ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான், கண்ணாடி போட்டு, மெதுவாப் பேசும். மயிலு, கொரங்கு எல்லாத்தையும் முதல்ல ஏத்துனாக. நான் அதுக்கெல்லாம் அழல. இசக்கி கூண்டு முன்னாடி போயி உக்காந்துக்கிட்டேன். அந்த டாக்டரம்மா எம்பக்கத்துல குத்துக்கால் வச்சு உக்காந்து, இந்தத் தோள்ல முடி ஏம்மா இல்லன்னு கேட்டுச்சு. நான் பெருமையாத்தான் சொன்னேன். எத்தனை பிள்ளைகளுக்குப் பயம் தெளிஞ்சிருக்குன்னு சொன்னேன். வேணும்னா நீங்களே பாருங்கன்னு அவனக் கூப்புட்டேன். வந்தான். தோளக் குடுத்துக் கண்ண மூடுனான். அந்த டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே இருந்துச்சு.

ஊசி போட்டு மயக்கித்தான் கொண்டுபோனாக. நான் லாரிக்குப் பின்னாடி ஓடுனேன், அது உனக்குச் சொன்னாப் புரியாது, உன் பிள்ளை உன் மடியில இருக்கு. வீட்டுக்காரகளையும் கூட்டிட்டுப் போயி உள்ள வச்சாக. ஜாமீன்ல வந்தாக. இன்னும் கோர்ட்டுக்கு நடக்காக. கடை நடக்குது, முந்தி மாதிரி இல்ல. கூண்டுல இப்ப காலி சிலிண்டர் அடுக்கிருக்கு. காலையில வாசல் தெளிக்கப் போனா என் கண்ணு தானா அங்கன போகுது. வீட்டுக்காரக ஒருநாளும் அவன் பேர எடுக்கல. நானும் எடுக்கல. ஒரு வீட்டுல ரெண்டு பேரு, நடுவுல அம்புட்டுப் பெரிய உருவம் இல்லாமப் போனா எப்படி இருக்கும் சொல்லு.

எங்க வச்சுருக்காகன்னு கண்டுபிடிக்கவே நான் பட்ட பாடு பெரும்பாடு. மதுரைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்துல ஒரு காப்பகம்னு சொன்னாக. பங்குனியில ஒரு தடவ போனேன். கேட்டுல நிக்கிற காவக்காரனே உள்ள விடல. வெளிய புளியமரத்தடியில பொழுது சாயுற வரை உக்காந்துட்டு வந்தேன். இன்னைக்கு மறுபடி போனேன். இன்னைக்கும் அவன் போ போங்கான். நான் சொன்னேன், தம்பி, இந்தப் பலாச்சுளைய மட்டும் அவன்கிட்டக் குடுத்துருங்க, நான் பாக்கக்கூட வேண்டாம்னு. அப்பத்தான் அந்த டாக்டரம்மா ஜீப்புல வந்து இறங்குச்சு. அதுக்கு என்னைய அடையாளம் தெரிஞ்சுட்டு. 

"தூரத்துல இருந்து ஒரு தடவ பாத்துட்டுப் போங்கம்மா. ஆனா கூப்பிடக் கூடாது. சத்தமே காட்டக் கூடாது. எனக்காக." அப்படின்னு சொல்லுச்சு. என் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு.

சரின்னேன். பாத்தாப் போதும்னு இருந்துச்சு.

பலாச்சுளைய கேட்டுலயே வாங்கி வச்சுட்டாக. வெளித் தீனி குடுக்கக் கூடாதாம். உள்ள ரொம்பத் தூரம் நடத்திக் கூட்டிட்டுப் போச்சு. ஒரே புல்லும் புதரும். ஒரு கம்பிவேலிக்கு இந்தப் பக்கம், மூங்கிப் புதர் மறைவுல நிறுத்துச்சு. அங்க பாருங்கன்னு கையக் காட்டுச்சு.

எனக்கு அவனத் தெரியல தாயி. நான் வளத்த பிள்ளைய எனக்கு அடையாளம் தெரியல. இவனா அவன்னு கேட்டேன். மூக்குல வளையம் இல்ல. தொந்தி வத்திப்போச்சு, புரோட்டாத் தின்ன உடம்பு எங்க போச்சுன்னே தெரியல. ஒரு கரையான் புத்து முன்னாடி நின்னுக்கிட்டு மண்ண வாரி வாரி எறியுதான். மூஞ்சிய உள்ளவிட்டுப் புர்ருபுர்ருனு உறிஞ்சுதான். மூஞ்சியெல்லாம் செம்மண்ணு. நான் சிமிண்டுத் தரையில வச்சு எப்படிச் சுத்தமா வளத்தேன். பக்கத்துல இன்னொரு கரடி வந்து இடிச்சுட்டுப் போச்சு. அத விரட்டிக்கிட்டு ஓடுனான். அவன் ஓடி நான் பாத்ததே இல்ல.

நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஆட்டமே இல்ல. ஒரு சாய்வுகூட இல்ல. மெதுவா டாக்டரம்மா காதுல கேட்டேன், இவன் ஆட மாட்டானான்னு. "வந்த புதுசுல ஆடிக்கிட்டே இருந்தான்மா. இப்பக் கொஞ்ச நாளாத்தான் நின்னுருக்கு"ன்னு சொல்லுச்சு. சொல்லும்போது அது மூஞ்சியில சிரிப்பு.  பாட்டும் இல்ல, கூட்டமும் இல்ல, ஆடிக்கிட்டே இருந்த பிள்ள ஆட்டத்த மறந்து மண்ணத் தோண்டிக்கிட்டுத் திரியுதே. இந்தப் பொண்ணு இதுக்குப் போயிச் சிரிக்குதேன்னு இருந்துச்சு.

தோளப் பாத்தேன். அந்தச் சொட்டை இல்ல. எங்க இருந்துச்சுன்னே தெரியல. முடி அப்படி அடர்த்தியா, நீளமா முளைச்சு, வெயில்ல மினுமினுன்னு இருக்கு. அதப் பாத்ததும் எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. சந்தோஷமா, என்ன எழவோ. வாய் என் பேச்சக் கேக்கல. இசக்கின்னு கூப்புட்டுட்டேன்.

சத்தமாக்கூட இல்ல தாயி. நம்ம ரெண்டு பேரும் இப்பப் பேசிக்கிடுதோமே, இம்புட்டுத்தான் சத்தம்.

மண்ணத் தோண்டுன கை அப்படியே நின்னுட்டு. தலையத் தூக்குனான். அங்க இங்க தேடல, நேரா எம்பக்கம் திரும்பினான். டாக்டரம்மா என் வாயப் பொத்துச்சு. பொத்தி என்ன செய்ய? அவன் நடந்து வர ஆரம்பிச்சுட்டான். ஓடி வரல. விரட்டிக்கிட்டு ஓடுனானே, அந்த ஓட்டம் இல்ல. தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு, மெதுவா, காலத் தேச்சுத் தேச்சு வாறான். பாதி வழியிலயே அந்தச் சாய்வு வந்துட்டு. இந்தப் பக்கம் ஒன்னு, அந்தப் பக்கம் ஒன்னு. எனக்கு அழுகை அழுகையா வருது. பாத்தீகளா, மறக்கல, மறக்கலன்னு டாக்டரம்மா தோளப் பிடிச்சு உலுக்குதேன். அது அழுதுக்கிட்டு நிக்குது. அதுக்கு என்னன்னு அழுதுச்சோ.

வேலிகிட்ட வந்துட்டான். கம்பிக்கு இந்தப் பக்கம் நான், கம்பிக்கு அந்தப் பக்கம் அவன். என் மூஞ்சியக்கூடப் பாக்கல. அப்படியே பக்கவாட்டுல திரும்பினான். இடது தோளக் கம்பியோட ஒட்டி வச்சான். கண்ண மூடிக்கிட்டான்.

எட்டுற தூரந்தான். கம்பி வழியா அந்த முடி இந்தப் பக்கம் துருத்திக்கிட்டு இருந்துச்சு. ஒன்னு எடுத்துருந்தா இப்ப உன் பிள்ளைக்கு ஆகியிருக்கும். டாக்டரம்மாகூட என்னத் தடுக்கிற நிலையில இல்ல. என் கை போகல தாயி. எத்தனை வருசம் தானாப் போன கை. நான் பாட்டுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கேன், அவன் பாட்டுக்குத் தோளக் குடுத்துக்கிட்டு நிக்கான். போடா, போயி விளையாடுன்னு சொன்னேன். போகல. சொட்டையா இருந்த அந்த இடத்துல தோலு மட்டும் துடிச்சுத் துடிச்சு அடங்குது. மாட்டு மேல ஈ உக்காந்தாத் துடிக்குமே, அப்படி. ஈ ஒன்னும் இல்ல அங்க.

அங்க வேலை செய்யுற ஆளு ஒருத்தன் ஓடிவந்து தேன்கூடு, வாழைப்பழம்னு எதையெல்லாமோ காட்டிக் கூப்புட்டான். இசக்கி கண்ணத் திறக்கல. டாக்டரம்மா என் கையப் பிடிச்சு வெளிய கூட்டிட்டு வந்துட்டு. இனிமே வர வேண்டாம்மான்னு சொல்லுச்சு. கோவமா இல்ல, கும்புட்டுக் கேட்டுச்சு.  கேட்டுல தூக்குச்சட்டியத் திருப்பி வாங்கும்போது, போயிட்டானா, விளையாடப் போயிட்டானான்னு கேட்டேன். அது போன்ல யார்கிட்டயோ கேட்டுட்டு, இல்லம்மா, இன்னும் அங்கதான் நிக்கான்னு சொல்லுச்சு.

அது மத்தியானம். இப்ப இருட்டிட்டு வருது. இன்னும் நிப்பானோ என்னவோ. நாந்தான் முதல்ல கையெடுக்கணும், அப்பத்தான் அவன் நகருவான், அப்படித்தான் பழக்கம். நான் கையே வைக்கலயே, பிறகு எப்படி அவன் போவான்?

இந்தா, புளியங்குடி வந்துட்டு பாரு, எலுமிச்சங்காய் மூடை தெரியுது. பிள்ளையத் தோள்ல போட்டுக்கோ, பையை நான் எடுத்துத் தாறேன். பலாச்சுளை பூராவையும் நீயே கொண்டுபோ, நான் இத வீட்டுக்குக் கொண்டுபோயி யாருக்குக் குடுக்க. பாத்து இறங்கு. ஒரே ஒரு வார்த்தை கேக்கணும் உங்கிட்ட, நீ படிச்ச பிள்ளையா இருக்க. நான் முடிக்கு வரல, சும்மா பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்னு அவன்கிட்ட யாரு தாயி சொல்லுவா?